தாரணியின் கை அளவு

மூடுபாறை எஸ்டேட்டின் தேயிலைச் செடிகள் மேல் அந்த வருடத்தின் முதல் உறைபனி விழுந்த டிசம்பர் ஒன்பதாம் தேதி, சிந்தாமணிக்காக மரியபுஷ்பம் பின்னி முடித்த ஒரு ஜோடிக் கையுறையில் இரண்டுமே இடது கைக்கானவையாக அமைந்துவிட்டன.

மரியபுஷ்பத்துக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் வார்டு ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குரோஷா ஊசியும் உல்லன் நூலுமாகப் பதினேழு குளிர்காலம் அந்த எஸ்டேட்டின் கைகளுக்கெல்லாம் உறை பின்னியவள் அவள். மணிக்கட்டுக்கு முப்பத்திரண்டு கண்ணி போட்டு, அதை வளையமாக இணைத்து, சுற்றிச் சுற்றி மேலேறி, கட்டைவிரல் வருகிற இடத்தில் ஒரு வாய் விட்டு, பிறகு விரல் விரலாக முடிப்பாள். கடையில் விற்கிற கையுறைக்குக் கட்டைவிரல் ஓரத்தில் இருக்கும். எந்தக் கையிலும் மாட்டலாம். கொழுந்து பறிக்கிற கைக்கு அது ஆகாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும். அதனால் மரியபுஷ்பம் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் தள்ளி வைப்பாள், அந்த இரண்டு விரல்களின் நுனியையும் திறந்து விடுவாள். அப்படி வைத்தால் இடது இடதாகவும் வலது வலதாகவும் ஆகிவிடும். ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்கும்போது கண்ணிகளை எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அன்று ஒரு பிரசவத்துக்கு உதவிவிட்டு வந்த அசதியில் அதே பக்கத்திலிருந்து எண்ணிவிட்டாள்.

“என்னக்கா, எனக்கு ரெண்டுமே பீச்சாங்கைன்னு முடிவு பண்ணிட்டியா?” என்றாள் வாங்க வந்த சிந்தாமணி.

“கண்ணு ஏமாத்திருச்சு சிந்து. குடு, ஒண்ணைப் பிரிச்சுப் போட்டுத் தாரேன்.”

சிந்தாமணி கொடுக்கவில்லை. இரண்டாவது இடதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இரு. இதுக்குள்ள என்னமோ இருக்கு” என்றாள்.

உறை உப்பியிருந்தது. உள்ளே பஞ்சு அடைத்தது போல அல்ல, கை நுழைத்தது போல. முட்டிகள் புடைத்துத் தெரிந்தன. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தால் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. திறந்து விட்ட இரண்டு விரல் நுனிகளிலும் அதே இருட்டுதான் இருந்தது. மோதிர விரல் மட்டும் பாதிக்கு மேல் சப்பையாகத் தொங்கியது. செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியில் அந்த இடத்தில் விரலை இழந்தவன் எஸ்டேட்டில் ஒருவன்தான், சிந்தாமணியின் புருஷன் பெரியண்ணன். மஞ்சள்காமாலையில் அவன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உள்ளே துணி சுற்றிக்கொள்வதற்காகத் தன் கையைவிடப் பெரிதாக உறை கேட்பது சிந்தாமணியின் வழக்கம் என்பதால் அவன் கைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

சிந்தாமணி அதைத் தன் வலது கையில் வைத்தாள். அது மூடிப் பிடித்துக்கொண்டது.

“இவருதான்” என்றாள். “முன்னயும் எலும்பாத்தான் இருப்பாரு.”

“இடது கையா வந்திருக்காரே?”

“எனக்கு வலது பக்கமா நடக்கிறவரு இடது கையாலதானேக்கா என்னைப் புடிக்கணும்” என்று சொல்லிவிட்டு, இடது கையில் உறையை மாட்டிக்கொண்டு, வலது கையில் புருஷனைப் பிடித்துக்கொண்டு, கூடையைத் தலைப்பட்டையில் தொங்கவிட்டபடி பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள்.

அந்த வாரம் மாவட்டப் பத்திரிகைகளில் மூடுபாறையைப் பற்றி வந்ததெல்லாம், உறைபனியில் நாற்பது ஏக்கர் தேயிலை கருகியது என்ற நான்கு வரிச் செய்தி மட்டும்தான். எஸ்டேட்டிலோ பேச்சு முழுக்க வேறாக இருந்தது. பத்து நாளுக்குள் மரியபுஷ்பத்தின் ஸ்டூலுக்கு முன்னால் ரேஷன் கடை போல வரிசை நின்றது. எல்லோருக்கும் ஒற்றை இடது வேண்டும். வலது இல்லாத இடதில் மட்டுமே கை வந்தது. இடதும் வலதுமாக ஒழுங்காகப் பின்னிய ஜோடியில் வரவில்லை, அது உயிரோடிருப்பவர்களுக்கானது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அளவு தெரிந்தால் ஆளும் சரியாக வந்தார். மரியபுஷ்பம் யாருக்குப் பின்னினாலும் முதலில் அவர் கையைப் பழைய செய்தித்தாளில் விரித்து வைக்கச் சொல்லி, பால் பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்து, ஓரத்தில் பெயர் எழுதி வைத்துக்கொள்கிறவள். அப்படிப் பதினேழு வருடத்துக் கைகள் அவளுடைய தகரப் பெட்டிக்குள் அடுக்காக இருந்தன, அவற்றில் பாதி இப்போது மண்ணுக்குள் இருக்கிறவர்களுடையவை. அளவு இல்லாதவர்களுக்குக் குத்துமதிப்பாகப் பின்னியதில்தான் சிக்கல் வந்தது. சூசைமேரி தன் அம்மாவுக்காகப் பின்னச் சொன்னதில் அவளுடைய மாமியார் வந்து சேர்ந்தாள். விரல்களைச் சொடுக்குகிற தோரணையை வைத்தே அடையாளம் தெரிந்துவிட்டது. “செத்தும் விடலையே” என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு போய்ப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, அவள் மறுபடி வரிசையில் நின்றாள்.

கைகள் வேறு எதுவும் செய்யவில்லை. பேனாவைக் கொடுத்தால் நழுவவிட்டன. கேள்வி கேட்டால், எந்தக் கேள்வியாக இருந்தாலும், ஒரே மாதிரி இலேசாக அழுத்தின; வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டவருக்கும், என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டவருக்கும் அதே அழுத்தம்தான் கிடைத்தது. ஆகவே சீக்கிரமே கேட்பதை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டு மட்டும் நடந்தார்கள். முதல் வாரத்தில் பறிப்பு பாதியாகக் குறைந்ததும் துரைப்பாண்டி மேஸ்திரி ஆட்களைக் கூட்டி, காட்டுக்குள் போகும்போது அவரவர் கையை அவரவர் கூடைப் பட்டையில் கட்டித் தொங்கவிட வேண்டும், டீ வரும் நேரத்தில் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, தன் கோட்டுப் பைக்குள் இருந்த அண்ணனின் கையை ஒருமுறை தடவிக்கொண்டார். பாதிரியார் திருப்பலியின்போது கைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாரியம்மன் கோவில் பூசாரி அவற்றுக்கும் விபூதி வைத்தார், ஆனால் தட்டில் தனியாகக் காணிக்கை கேட்கவில்லை. மினி பஸ் கண்டக்டர் மட்டும் ஒரு நாள், “ஒரு ஆளு ரெண்டு ஆளு எடத்தை அடைச்சா நான் யாருக்குச் சீட்டுக் கிழிக்கிறது?” என்று சத்தம் போட்டான். ஏனென்றால் அதற்குள் எல்லோருக்கும் வலது பக்கம் ஓர் ஆளுக்கான இடம் விடுகிற பழக்கம் வந்திருந்தது. ஒற்றை ஆள் போகிற தேயிலைப் பாத்திகளுக்கு நடுவில், வெள்ளையாக மூடுபனி நிற்கிற காலை நேரத்தில், நூற்றுச் சொச்சம் பேர் வலது கையைச் சற்று விலக்கி வைத்து, பக்கத்தில் இருக்கிறவரின் கால் இடறாதபடி மெதுவாக, தணிந்த குரலில் பேசிக்கொண்டு மஸ்டரில் பேர் கொடுக்க நடந்து போவதைக் கீழே ரோட்டிலிருந்து பார்த்தால் இரட்டிப்புக் கூட்டம் போவது போலிருக்கும்.

ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு, பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருகிற நேரத்தில், எஸ்டேட்டில் இருந்த எல்லா உறைகளுக்குள்ளும் கைகள் ஒரே சமயத்தில் சில்லிட்டு, பள்ளத்தின் பக்கமாக ஓர் இழுப்பு இழுக்கும். பலமான இழுப்பு அல்ல. விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளைகள், வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் கையை இழுக்குமே, அவ்வளவுதான். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தி, அடுப்பெரிப்பவர்கள் ஊதுவதை நிறுத்தி, இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம் போனால் மறுபடி சூடு வந்துவிடும். பிப்ரவரிக் கடைசியில் பனி நின்றதும் ஒவ்வொரு கையாகத் தளர்ந்து உறைகள் சப்பையாகும். மடித்து, பாச்சை உருண்டை போட்டு, அடுத்த முதல் பனிவரை பெட்டியில் வைப்பார்கள்.

ஒற்றை இடது கேட்டு வராத வீடு ஒன்றே ஒன்றுதான், தொழிலாளர் குடியிருப்பின் நான்காவது லைனில் கனகமணி வீடு. கனகமணி கொழுந்து பறிப்பவள்; அவள் புருஷன் ராசையா ஃபாக்டரியில் இலை வாட்டுகிற தட்டில் வேலை செய்தான். அவர்களுக்கு ஒரே மகள், தாரணி. இதற்கெல்லாம் இரண்டு வருடம் முன்பு ஒரு ஜனவரிக் காலையில், ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவள், ரோட்டின் இரண்டாம் வளைவுக்கும் பம்பு வீட்டுக்கும் நடுவில் மூடுபனிக்குள் போனாள், வெளியே வரவில்லை. போலீஸ் நாய் வந்தது, வனத்துறை வந்தது, பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. பிறகு தேடுவதை நிறுத்தினார்கள்.

ராசையாவின் தம்பி கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறை ஒன்றில் இருந்தான். அண்ணனுக்கும் அங்கே இடம் சொல்லி வைத்திருந்தான். அந்த ரோட்டை நாள்தோறும் பார்த்துக்கொண்டு தன்னால் இங்கே இருக்க முடியாது என்றான் ராசையா. கனகமணி வர மறுத்தாள்.

“அவ வந்தா இங்கதான் வருவா. வேற அட்ரஸ் அவளுக்குத் தெரியாது.”

கைகள் வந்த முதல் குளிர்காலம் முழுக்க யாரும் அவளிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றித்தான் வந்தார்கள். தாரணியின் கை, பேனா கூசியதால் சிரித்து நெளிந்த சுண்டுவிரலோடு, மரியபுஷ்பத்தின் பெட்டிக்குள் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் டீ நேரத்தில் சிந்தாமணிதான் வாய் விட்டாள்.

“ஒரு தடவை பின்னச் சொல்லிப் பாரேன் கனகு. வராட்டி வரலைன்னு போகுது.”

“வந்துட்டா?”

சிந்தாமணி தன் வலது கையைப் பார்த்தாள்.

“உங்களுக்கெல்லாம் வலது கையில ஆளிருக்கு” என்றாள் கனகமணி. “எனக்கு ரெண்டு கையும் காலியா இருக்கட்டும். கொழுந்தாவது நிறையப் பறிக்கிறேன்.”

அப்படியே பறித்தாள். அந்தச் சீசனில் எஸ்டேட்டிலேயே அதிக எடை அவளுடையதுதான்.

அடுத்த குளிர்காலம் தொடங்கி முதல் பனி விழுந்ததும் ராசையா யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மரியபுஷ்பம் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எம்புள்ள அளவு உங்ககிட்ட இருக்குல்ல மதினி.”

“கனகு சொல்லிவிட்டாளா?”

“இல்ல.”

“அப்ப நான் போட மாட்டேன்.”

“மூணு வருசமா புள்ள தட்டுல சோறு போட்டு வைக்கிறா மதினி. எனக்கு அந்தத் தட்டுக்கு எதுத்தாப்புல உக்காந்து திங்க முடியல. வந்துட்டான்னா கருமாதி பண்ணிட்டுக் கீழ போயிருவோம். வரலைன்னா நான் பட்டறைப் பேச்சையே எடுக்க மாட்டேன். இனி இங்கதான்.”

மரியபுஷ்பம் பெட்டியைத் திறந்து அளவை எடுத்தாள். நீல நூலில் ஒற்றை இடது ஒன்றை இரண்டு நாளில் பின்னி, வார்டு ஜன்னல் கட்டையில், அந்த வருடத்துக்குப் புதிதாகப் பின்னிய மற்றவற்றோடு வரிசையாக வைத்தாள். மறுநாள் காலை மற்றவை எல்லாம் உப்பியிருந்தன. நீலம் சப்பையாகக் கிடந்தது. ராசையா வேலைக்குப் போகும்போது வந்து ஒற்றை விரலால் அதை அழுத்திப் பார்த்தான். அடுத்த நாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். ஏழு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் கனகமணியிடம் சொன்னான்.

அவள் கையிலிருந்த கூடையால் அவன் நெஞ்சில் நான்கு முறை அடித்தாள். அப்புறம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“காலியாவா இருந்துச்சு?”

“காலியா.”

“நல்லா அழுத்திப் பாத்தியா?”

“ஏழு நாளும் அழுத்திப் பாத்தேன்.”

அன்றைக்கு அவள் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் நான்கு லைனுக்கும் விஷயம் பரவியது. தாரணி உயிரோடு இருக்கிறாள். எங்கே என்பது தெரியாது, ஆனால் இருக்கிறாள். மாரியம்மன் கோவிலில் கேசரி கிண்டினார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார். மேஸ்திரி கனகமணியைப் பார்க்கும்போதெல்லாம் வெளியூரிலிருந்து கடிதம் வந்த வீட்டுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்து, “என்னம்மா, சௌக்கியந்தானே?” என்றார். ராசையா தம்பிக்கு ஃபோன் போட்டு, இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கி வந்தார்கள். பன்னிரண்டு நாள் அப்படி இருந்தது.

இரண்டாவது லைனில் அம்சவேணி என்ற பெண் இருந்தாள். கைகள் வருவதற்கு முந்தைய மே மாதம், எட்டாம் மாதத்தில் அவளுக்கு ஆண் குழந்தை இறந்து பிறந்தது. முதல் குளிர்காலத்தில் மரியபுஷ்பம் அவளுக்காக, கைக்குழந்தைகளுக்குப் பின்னுவது போல விரல் பிரிக்காமல், கட்டைவிரல் மட்டும் தனியாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உறை பின்னித் தந்திருந்தாள். அதற்குள் வந்த கை அம்சவேணியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குளிர்காலத்தில் அது வரவில்லை. உறை சப்பையாகவே இருந்தது. அம்சவேணி அழுது அழுது, பறிப்புக்கும் வராமல் கிடந்தாள். அவளுக்காக மரியபுஷ்பம் இன்னொன்று பின்ன உட்கார்ந்தாள். நூல்கடையில் மெல்லிய நூல் தீர்ந்துபோய்த் தடித்த நூல்தான் இருந்தது. அதே எண்ணிக்கைக் கண்ணி போட்டும் உறை பெரிதாக வந்துவிட்டது. கடைசிக் கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டு நூலை வெட்டிய உடனே, மரியபுஷ்பத்தின் மடியிலேயே அது உப்பியது.

அம்சவேணி அதைத் தூக்கிக்கொண்டு லைன் லைனாக ஓடினாள். வீட்டுக்கு வீடு நின்று காட்டினாள். “வளந்திருக்கு பாருங்க. ஒன்றரை வயசுக் கை. சின்னதாப் போச்சுன்னுதான் வரலை, கோவத்துல இல்ல. வளந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே நான்காவது லைனுக்கு வந்தவள், கனகமணி வீட்டு வாசலில் நின்று, “வளந்திருக்குக்கா, சின்ன உறையில எப்படி...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கனகமணி புதுத் திரைத்துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ராசையா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கட்டையில் ஏழு நாள் சப்பையாகக் கிடந்தது ஒன்பது வயதுக்கான உறை. தாரணிக்கு அந்த மாதம் வயது பன்னிரண்டாகப் போகிறது. இறந்தாலும் கை வளருமென்றால் அந்த உறை அவளுக்குச் சின்னது; மூவருக்கும் கணக்குப் புரிந்தது. அம்சவேணி குழந்தையின் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் எஸ்டேட்டே பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். அழைத்தவர் யாருமில்லை. தாரணியோடு படித்த மூன்று பிள்ளைகளை டீச்சர் கூட்டி வந்து, செய்தித்தாளில் கை வைக்கச் சொல்லி, மூன்றுக்கும் நடுவாக ஓர் அளவு எடுத்துக் கொடுத்தார். “பன்னெண்டு வயசுக்கு ஒரு இடது போடுங்க மதினி” என்றான் ராசையா. மரியபுஷ்பம் நூலை மடியில் வைத்துக்கொண்டு ஊசியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கனகமணி வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் வழி விட்டது, வழக்கப்படி அவளுடைய வலது பக்கம் கூடுதலாக ஓர் ஆள் இடத்தோடு. அதைப் பார்த்து அவள் ஒரு நொடி நின்றாள், பிறகு வேண்டுமென்றே அந்தப் பக்கத்திலேயே ஒட்டி நடந்து வந்து, செய்தித்தாளை எடுத்து, வரைந்திருந்த கையின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

“இந்த வயசுக்கு இவ்வளவு நீளமா ஆகுமா விரலு?” என்றாள்.

“ஆகும்” என்றார் டீச்சர்.

“சரி, போடு அக்கா.”

வராந்தா முழுக்க மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

“ரெண்டு போடு” என்றாள் கனகமணி. “இடது ஒண்ணு, வலது ஒண்ணு.”

“ஜோடியாப் போட்டா வராதே” என்றார் மேஸ்திரி.

“வர வேணாம். குளிரு ஒரு கைக்கு மட்டுமா அடிக்குது?”

ராசையா அவள் முன்னால் வந்து நின்றான். “உனக்குத் தெரிய வேணாமா கனகு?”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சா ஒரு முடிவுக்கு வரலாம்.”

“உனக்கு முடிவு வேணும். எனக்குப் புள்ள வேணும்.” கோபமில்லாமல், விலை சொல்வது போலச் சொன்னாள். “அந்த ஒத்தக் கை வந்துட்டா, இவங்கள மாதிரி நானும் அதைப் புடிச்சுக்கிட்டுத் திரிவேன். தேட மாட்டேன். ரோட்டைப் பாக்க மாட்டேன். சாயங்காலமானா பள்ளத்துப் பக்கம் இழுக்கும், நானும் போயிருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.”

அந்த இழுப்பைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பலர் தங்கள் வலது கையைக் குனிந்து பார்த்தார்கள்.

அம்சவேணி மட்டும் மெதுவாக, “புடிச்சா ஒரு மாதிரி நிம்மதியா இருக்கும்க்கா” என்றாள்.

“உனக்கு இருக்கும் புள்ள. உன் மகன் ஒரு நாளும் உன் கையைப் புடிக்காமப் போனவன். எம்மக ஒம்போது வருசம் புடிச்சிருக்கா. எப்படிப் புடிப்பான்னு நான் மறக்கலை.”

மரியபுஷ்பம் ஊசியை எடுத்து முதல் கண்ணியைப் போட்டாள். கட்டைவிரலின் வாய் வருகிற சுற்றுக்கு வந்ததும் இடது பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். கனகமணி குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அங்கிருந்து எண்ணினா எந்தக் கை?”

“இடது.”

“வலதை முதல்ல முடி.”

ஏனென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இடதை முதலில் முடித்தால், வலது முடிகிற வரைக்கும் அது வலது இல்லாத இடதாகக் கிடக்கும். மரியபுஷ்பம் நான்கு கண்ணிகளைப் பிரித்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினாள்.

அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும், பறிப்பு முடிந்ததும் கனகமணி நேராக வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஊசி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது முடிந்தது, அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மாலை, இடதின் சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருந்தபோது மணி ஐந்தரை ஆயிற்று. பள்ளத்திலிருந்து மூடுபனி வராந்தாவுக்குள் ஏறியது. வார்டுக்குள் காய்ச்சலில் படுத்திருந்தவர்கள் தங்கள் தங்கள் கைகளை இறுக்கிக்கொள்வது கம்பளி உரசுகிற சத்தமாகக் கேட்டது. மரியபுஷ்பத்தின் ஊசி நின்றது. அவள் மடியில் இருந்த உறையில் நான்கு விரல்கள் முடிந்து, ஒரு விரலின் வாய் மட்டும் திறந்திருந்தது.

“என்னக்கா?” என்றாள் கனகமணி.

“ஒண்ணுமில்ல. நூல் சிக்கிக்கிச்சு.”

“சூடா இருக்கா?”

“உல்லன் மடியில இருந்தா சூடாத்தான் இருக்கும்.”

கனகமணி கையை நீட்டவில்லை. தன் மடியிலிருந்த வலதை எடுத்து, இடதின் பக்கத்தில், உள்ளங்கையோடு உள்ளங்கை படும்படி வைத்தாள். “முடி” என்றாள். மரியபுஷ்பம் பதினோரு கண்ணியில் சுண்டுவிரலை மூடி, நூலை வெட்டி, நுனியை உள்ளே செருகினாள். மூடுபனி வராந்தாவைத் தாண்டிப் போயிற்று. ஜோடி இரண்டும் சப்பையாக, சாதாரணமாகக் கிடந்தன.

மார்ச்சில் ராசையா தம்பியிடம் மறுபடி இடம் கேட்டுக் கோயம்புத்தூருக்குப் போனான். சண்டை எதுவும் போடவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பினான், இருக்கிற நேரத்தில் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தான், மூன்று தட்டு வைத்த இடத்தில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஒவ்வொரு வருடமும் முதல் பனிக்கு முன்பே கனகமணி ஆஸ்பத்திரிக்கு வந்து தாரணிக்கு ஒரு ஜோடி பின்னச் சொன்னாள். பதிமூன்று வயதுக்கு ஒரு ஜோடி, பதினாலுக்கு ஒரு ஜோடி, பதினைந்துக்கு ஒன்று. தாரணியோடு படித்த மூன்று பேரின் கையையும் வருடா வருடம் அளந்தார்கள். முந்தின வருடத்து ஜோடியை, அவளுக்குத்தான் சின்னதாகிவிட்டதே என்று, பள்ளிக்கூடத்தில் அந்த அளவுக் கையுள்ள பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். வாங்குகிற பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு வளைவு ரோட்டில் ஓடின. எஸ்டேட்டுக்குக் கோபம் ஒரு வருடம் இருந்தது, பிறகு ஆறிவிட்டது. மற்றவர்கள் வலது பக்கம் இடம் விட்டு, மாலையானால் பேச்சை நிறுத்தி இறுக்கிப் பிடித்து வாழ்ந்தார்கள். கனகமணி மட்டும் ஐந்தரை மணி மூடுபனியில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு இரண்டாம் வளைவுவரை நடந்து போய், பம்பு வீட்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அடுப்பு மூட்டினாள்.

தாரணிக்குப் பத்தொன்பது நடக்கிற வருடம் அந்த மூன்று பேரில் ஒருத்திக்குக் கல்யாணமாகியிருந்தது, ஒருத்தி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி கொழுந்து பறிக்க வந்திருந்தாள். அந்த ஒருத்தியின் கையை மட்டும்தான் அளக்க முடிந்தது. மரியபுஷ்பம் புது அளவைப் பழைய அளவின் மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பது போல, தாளைக் கீழே வைத்து இரண்டு முறை நீவிவிட்டாள்.

“போன வருசத்து அளவேதான் கனகு” என்றாள். “பொண்ணுங்க கை இதுக்கு மேல வளராது. இனி வருசா வருசம் போட வேண்டியதில்ல.”

கனகமணி தாளின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பின்னுவதற்காக எப்போதும் கொண்டுவருகிற சந்தை நூல் உருண்டையை, ஒரு வருடம் தாங்கினால் போதுமென்று வாங்குகிற மட்ட நூலை, எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

“அப்ப இது வேணாம்” என்றாள். “நல்ல உல்லனா வாங்கியாறேன். இனிமே ரொம்ப நாளைக்கு உழைக்கணும்ல.”